அந்த அரை மணி நேரத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

2023 ஆகஸ்ட் 27 முதல் சென்னையின் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. அதுவரை வேளச்சேரியில் கிளம்பும் வண்டி பூங்கா நகர், கோட்டை வழியாகக் கடற்கரை நிலையம்வரை போய்க்கொண்டிருந்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையில் 4.3 கிலோமீட்டர் நீளத்துக்கு நான்காவது ரயில்பாதை போட வேண்டியிருந்ததால் அந்தப் பகுதியை மூடினார்கள். ஏழு மாதத்தில் வேலை முடியும் என்று அறிவிப்பு வந்தது. மறுபடி கடற்கரைவரை வண்டி ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று. ஏழு மாதம் பதினான்கு மாதமாகியிருந்தது.

மூடப்பட்டவை மூன்றே நிலையங்கள். ஆனால் அரசுப் பொது மருத்துவமனைக்கும் சென்ட்ரலுக்கும் தலைமைச் செயலகத்துக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் பாரிமுனைக்கும் போகிறவர்கள் இறங்கும் நிலையங்கள் அந்த மூன்றும்தான். அவர்கள் எல்லோரும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிப் படியிறங்கி, பேருந்துக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ நின்றார்கள், அல்லது நடந்தார்கள். வண்டிகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டிருந்ததால், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டு பணிகளுக்காகக் கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்திலும் ஏராளமான மின்சார ரயில்கள் ரத்தாயின. ஆக, தென்சென்னையில் பாதிப்பேர் அந்தக் கோடையையும் மழையையும் நடைமேடையில் பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

ரயில் குறைந்தால் பயணிகள் புலம்புவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள் என்பது பொதுவான எண்ணம். களவு, கொலை, பொய் இவையெல்லாம் அறம் பற்றிய பேச்சில் வரும். அரை மணி நேரத் தாமதம் வராது. அதற்குப் பெயர் அசௌகரியம். ஒலிபெருக்கி வருத்தம் தெரிவித்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் எனக்கு இதில் ஓர் அறக்கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது. ஒருவருடைய நேரம் அவரைக் கேட்காமல் எடுக்கப்படும்போது, அந்த நேரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்? எடுத்தவரா, இழந்தவரா?

கேட்டவுடன் பதில் எளிதாக இருக்கிறது. எடுத்தவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. அதிலும் இழந்தவர் பெண்ணாக இருந்தால் நடப்பதே இல்லை.

முதுகலை வகுப்பில் ஒருமுறை மாணவிகளிடம், ஒரு வாரம் ரயிலுக்கும் பேருந்துக்கும் காத்திருந்த நேரத்தை எழுதி வரச் சொன்னேன். எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதச் சொல்லவில்லை, அந்த நிமிடங்களில் என்ன செய்தார்கள் என்றும் எழுதச் சொன்னேன். படிப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள் என்று வரும் என எதிர்பார்த்தேன். அவையும் வந்தன. ஆனால் எல்லாத் தாள்களிலும் பொதுவாக இருந்தது வேறொன்று: தொலைபேசி. "அம்மாவுக்குப் போன் செய்து ரயில் வரவில்லை என்றேன்." "அப்பாவுக்கு நடைமேடையைப் படம் எடுத்து அனுப்பினேன்." "அண்ணன் லொகேஷன் அனுப்பச் சொன்னான்." ஒருத்தி எழுதியிருந்தாள்: ரயில் தாமதம் என்று சொன்னதை வீட்டில் நம்பவில்லை, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அக்காவிடம் போனைக் கொடுத்து, "கொஞ்சம் எங்கம்மாகிட்ட சொல்லுங்கக்கா" என்று கேட்க வேண்டியிருந்தது என்று. அந்த அக்காவும் வாங்கி, "ஆமாம்மா, வண்டி வரல, நானும் இங்கதான் நிக்கிறேன், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

இந்தக் காட்சியை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ரயிலை ஓட்டாதவர் அங்கே இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, தன்மேல் எந்தத் தவறும் இல்லாத ஒரு காரியத்துக்குச் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறாள். சாட்சி சொல்ல முன்வருகிறவரும் நேரத்தை இழந்த இன்னொரு பெண்.

கால அட்டவணை என்பது ரயில்களின் பட்டியல் மட்டுமல்ல என்று அன்று எனக்குப் புரிந்தது. வெளியே போய்வரும் பெண்களுக்கு அது ஓர் உத்தரவாதச் சீட்டு. "ஐந்தே முக்கால் வண்டி, ஆறரைக்கு வீடு" என்று அவள் சொல்வதற்கு அந்த அட்டவணை பின்னால் நிற்கிறது. அட்டவணை குலைந்தால் அவள் சொல் குலைகிறது. ஓர் ஆண் ஏழரைக்கு வீடு வந்து "ரயில் லேட்" என்றால், வீட்டார் ரயில்வேயைத் திட்டுவார்கள். மகளோ மருமகளோ சொன்னால், "தினமுமா லேட்டாகும்?" என்ற கேள்வி வரும். தாமதம் ஒன்றுதான். ஆணுக்கு அது ரயில்வேயின் கணக்கில் எழுதப்படுகிறது, பெண்ணுக்கு நடத்தையின் கணக்கில்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. அகப்பாடல்களில் 'இற்செறிப்பு' என்றொரு துறை உண்டு. மகளிடம் மாற்றம் தெரிந்தாலோ, ஊரில் அலர் எழுந்தாலோ, தாய் அவளை வெளியே விடாமல் வீட்டுக்குள் நிறுத்துவாள். தினைப்புனம் காக்கப் போவது நின்றுபோகும். நாம் அந்தப் பாடல்களைக் காதலின் தடை என்று மட்டும் வகுப்பில் நடத்துகிறோம். பெண்ணின் வெளியேற்றம் எப்போதும் நிபந்தனையோடு தரப்பட்டது, எந்தச் சிறு காரணத்துக்கும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படக்கூடியது என்பதற்கும் அவை சான்று. இன்று அந்தக் காரணம் ரத்தான ஒரு ரயிலாக இருக்கலாம். மாலை நேரத் தட்டச்சு வகுப்பை நிறுத்தும் வீடுகள், "பக்கத்திலேயே ஒரு வேலை பாரு" என்னும் வீடுகள், "இந்த வருஷத்தோட படிப்பு போதும்" என்னும் வீடுகள் எல்லாம் கொடுமைக்கார வீடுகள் அல்ல. பயந்த வீடுகள். அந்தப் பயத்துக்கு ஒவ்வொரு ரத்தும் ஒரு புதிய நியாயத்தைக் கொடுக்கிறது.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பறக்கும் ரயில் நிலையங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். பெரிய பெரிய கான்கிரீட் கூடங்கள், நீண்ட படிகள், ஆளில்லாத தளங்கள், மாலையில் மங்கிய விளக்கு. வண்டி அடிக்கடி வந்தால் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருப்பார்கள், அந்த நடமாட்டமே காவல். வண்டி குறைந்தால் ஒன்று கூட்டம் நெரியும், இல்லையென்றால் நடைமேடை வெறிச்சோடும். பெண்ணுக்கு இரண்டும் ஆபத்து. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் நிலையத்தில், காலை நேரத்தில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நகரத்தின் நடுவில் இருக்கும் நிலையம் அது. நடைமேடையில் நிற்கும் நேரம் வெற்று நேரம் அல்ல என்பதை அதற்குப் பிறகு யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிற்கும்போது எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்பது, எந்தப் பெண்ணுக்கு அருகில் போய் நிற்பது, யார் எங்கே பார்க்கிறார்கள் என்று கணித்துக்கொண்டே நிற்பதும் ஒரு வேலை. அதற்குக் கூலி கிடையாது.

இனி வேலையிடத்துக்குப் போகலாம். கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் பிற பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டிருக்கின்றன. வீட்டைத் தூரத்துக்குக் கொண்டுபோன அரசு, வேலையைக் கூடவே கொண்டுபோகவில்லை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீட்டு வேலை செய்துவந்த பெண்கள் பலர் இப்போதும் அங்கேயே வருகிறார்கள். நேராகப் பேருந்தில் வருகிறவர்கள் உண்டு, திருவான்மியூரிலோ வேளச்சேரியிலோ ரயில் பிடிக்கிறவர்களும் உண்டு. காலையில் மூன்று வீடு செய்கிறவருக்கு ஒரு வண்டி போனால் முதல் வீட்டில் தாமதம், அதனால் இரண்டாவது வீட்டில் தாமதம், மூன்றாவது வீட்டில் "இன்னிக்கு நாங்களே பாத்துக்கிட்டோம், நீ போ" என்ற பதில். பாத்திரம் கழுவி முடித்த வீடு அன்றைக்கு அவருக்கு இல்லாத வீடு. மாதத்தில் நான்கு நாள் அப்படி ஆனால் வேறு ஆள் வந்துவிடுவார். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லாத வேலை. காரணம் கேட்கும் கடிதமும் இல்லை, பதில் சொல்லும் வாய்ப்பும் இல்லை.

இங்கே கணக்குக் கேட்கிறவர் பெரும்பாலும் இன்னொரு பெண். அவரும் எட்டரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு அலுவலகம் போக வேண்டியவர். ரயில்வே குறைத்த ஒரு வண்டி, சமையலறை வாசலில் இரண்டு பெண்களுக்கு இடையிலான சண்டையாக முடிகிறது. பெண்ணியம் பேசும் நாம் இந்த வாசலில் நின்று யோசிக்க வேண்டும். வருகைப்பதிவேடு கையில் உள்ள ஆசிரியை, உள்ளே வரும் நேரத்தைக் குறிக்கும் மேற்பார்வையாளர், வீட்டுக்காரம்மா என்று நம்மில் பலருக்கும் கணக்குக் கேட்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலியிலிருந்து எந்தப் பக்கம் திரும்பிக் கேட்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. முதல் வகுப்பின் வருகைப்பதிவை நான் இப்போது வகுப்பு முடியும்போது எடுக்கிறேன். சிறிய மாற்றம்தான். ரயில் தாமதமானால் ஒரு பெண்ணின் தேர்வு உரிமை போகக் கூடாது என்பதற்கு மேல் அதில் தத்துவம் ஒன்றுமில்லை.

பொறுமையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்வியை முடிக்க முடியாது. காத்திருக்கும் பெண் நம் மரபில் மிகவும் போற்றப்பட்டவள். முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான். தலைவன் போருக்கோ வினைக்கோ போயிருக்கிறான், கார்காலம் வந்துவிட்டது, மாலைப்பொழுது, தலைவி ஆற்றி இருக்கிறாள். பொருளுக்காகப் பிரிந்து போவது அவன் பக்கத்து ஒழுக்கம், இருப்பது அவள் பக்கத்து ஒழுக்கம். இன்று கோட்டூர்புரத்திலோ குரோம்பேட்டையிலோ மாலையில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். அவளே பொருளுக்காகப் பிரிந்து போனவள், அவளே காத்திருக்கிறவளும். போனவனுக்குரிய சுதந்திரம் அவளுக்குக் கிடைக்கவில்லை, இருந்தவளுக்குரிய பாராட்டும் கிடைக்கவில்லை. ஆனால் இருந்தவளிடம் எதிர்பார்த்த பொறுமையை மட்டும் எல்லோரும் அவளிடம் எதிர்பார்க்கிறார்கள்.

திருக்குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரம் உண்டு. தன்னைத் தோண்டுகிறவரையும் நிலம் தாங்குவதுபோல் இகழ்கிறவரைப் பொறுக்க வேண்டும் என்கிற உவமையை எல்லோரும் அறிவோம். அந்த அதிகாரத்தை மறுபடி நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். அங்கே பொறுக்கிறவர் தண்டிக்கவும் கூடியவர். தண்டித்தவரையும் பொறுத்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வள்ளுவர் பேசுகிறார். திருப்பிக் கொடுக்கும் வலிமை இருந்தும் கொடுக்காமல் இருப்பதில்தான் பொறையின் பெருமை இருக்கிறது. வேறு வழியே இல்லாத ஒருத்தி நடைமேடையில் நிற்பதற்குப் பொறை என்று பெயர் வைப்பது அந்தச் சொல்லுக்கும் நியாயமல்ல, அவளுக்கும் நியாயமல்ல. அவள் பொறுக்கவில்லை. பொறுக்க வைக்கப்படுகிறாள். பாலம், தண்டவாளம், மின்கம்பி போலவே அவளுடைய பொறுமையும் இந்த நகரத்தின் கட்டமைப்பில் ஒன்றாகிவிட்டது. எதைக் குறைத்தாலும் அவள் சமாளித்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையின் மீதுதான் குறைப்புகள் திட்டமிடப்படுகின்றன.

எங்கிருந்து சமாளிப்பாள்? அந்த நேரம் எங்கிருந்தோ வர வேண்டும் அல்லவா? ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ரயிலில் போன அரை மணி நேரத்துக்காக அந்த 289 நிமிடம் குறைவதில்லை. அரிசி அதே நேரம்தான் வேகும். துணி அதே நேரம்தான் துவைக்கப்படும். வேலை நேரமும் குறையாது. மிஞ்சுவது தூக்கம், ஓய்வு, படிப்பு. ஒரு வண்டி குறையும்போது குறைவது உண்மையில் யாரோ ஒருத்தியின் தூக்கம்.

இதனால்தான் தாமதத்தைக் கூட்டிக் கழித்துச் சராசரி சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயிரம் பேருக்குப் பத்து நிமிடம் தாமதம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு இழப்பு என்று கணக்கு சொல்லும். மூன்றாவது வீட்டை இழந்தவரின் பத்து நிமிடமும், வீட்டிலிருந்தே கணினியில் கூட்டத்தில் சேர்ந்துவிட்டவரின் பத்து நிமிடமும் ஒன்றா? குழந்தைகள் காப்பகம் ஆறு மணிக்கு மூடும் என்றால் ஆறு பத்துக்கு வருவது பத்து நிமிடத் தாமதமல்ல. வாசலில் ஒரு குழந்தை தனியே நிற்பது. நிமிடங்களைக் கூட்டலாம், அவை சுமக்கிறவற்றைக் கூட்ட முடியாது.

எடுத்தவர் கணக்குச் சொன்ன சந்தர்ப்பமும் உண்டு. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அஜ்மீர்–ஜம்மு விரைவு ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகப் போனதால், ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகும் விமானத்தைத் தவறவிட்ட பயணி ஒருவர் வழக்குத் தொடுத்திருந்தார். தாமதத்துக்குத் தகுந்த காரணத்தை ரயில்வே நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு தர வேண்டும், பயணிகளின் நேரம் மதிப்புள்ளது என்று நீதிமன்றம் சொன்னது. மகிழ்ச்சியான தீர்ப்பு. காரணம் சொல்லும் பொறுப்பை அது சரியான இடத்தில் வைத்தது. ஆனால் அந்தப் பயணியிடம் காட்டுவதற்கு ஒரு விமானச்சீட்டு இருந்தது, டாக்சிக்குக் கொடுத்த பணம் இருந்தது. மூன்றாவது வீட்டை இழந்தவர் எந்தச் சீட்டைக் காட்டுவார்? தட்டச்சு வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்டவள் எந்த ரசீதைக் காட்டுவாள்? சீசன் டிக்கெட்டில் எங்கிருந்து எங்கே என்று எழுதியிருக்கும். எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்காது.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆண்களும்தானே காத்திருக்கிறார்கள் என்பது முதலாவது. ஆம். கதவோரத்தில் தொங்கிக்கொண்டு போகும் கட்டடத் தொழிலாளிக்கும், இரவுப்பணி முடிந்து போகும் காவலாளிக்கும் இந்தக் குறைப்பு வலிக்கிறது, அவருக்கும் கூலி போகிறது. அவருடைய வலியைச் சிறிதாக்கிப் பெண்ணின் வலியைப் பெரிதாக்குவது என் நோக்கமல்ல. நான் கேட்பது, இழந்த நேரத்துக்கு எத்தனை இடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை. அவர் ஓர் இடத்தில் சொல்கிறார். அவள் வேலையிடத்தில் சொல்ல வேண்டும், வீட்டில் சொல்ல வேண்டும், தெருமுனையில் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பார்வைக்கும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. நாளைய நன்மைக்காக இன்று கொஞ்சம் சிரமப்படக் கூடாதா? நான்காவது பாதை வந்தால் புறநகர் ரயில்களும் தொலைதூர ரயில்களும் ஒன்றையொன்று மறிக்காமல் ஓடலாம். அது எல்லோருக்கும் நல்லதுதான். தண்டவாளம் போடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தியாகம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், கொடுக்கிறவர் தெரிந்து, சம்மதித்துக் கொடுத்திருக்க வேண்டும். கேட்காமல் எடுத்துக்கொண்டு தியாகம் என்று பெயர் சூட்டுவது குடும்பங்களில் நமக்கு நன்றாகப் பழக்கமான வேலை. அக்காவின் படிப்பை நிறுத்தித் தம்பியைப் படிக்க வைத்துவிட்டு, "அவ தியாகம் பண்ணினா" என்பார்கள். அவளை யாரும் கேட்டதில்லை. பதினான்கு மாதம் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ஏறியவரையும் யாரும் கேட்கவில்லை. ஏழு மாதம் என்று சொன்ன வாக்கு இரண்டு மடங்கு ஆனபோது, அந்த இரண்டாவது ஏழு மாதத்துக்கு அவருக்கு எந்த ஈடும் இல்லை. நாளைய நன்மை உண்மையாகவே இருக்கலாம். அதற்கான விலையை எப்போதும் ஒரே கைகளிலிருந்து வாங்குவதுதான் சரியில்லை.

எந்தக் கைகள் என்பதை அட்டவணையே காட்டிக்கொடுக்கும். பெருந்தொற்றில் நின்றுபோயிருந்த சென்னைப் புறநகர் ரயில்கள் 2020 அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களுக்காக ஓடத் தொடங்கின. நவம்பர் 23 முதல் மற்றப் பெண்களும் போகலாம் என்று அனுமதி வந்தது, ஆனால் நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும். பின்னர் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. என்றாலும் முதலில் தோன்றிய எண்ணத்தைக் கவனியுங்கள். பெண்கள் என்றதும் 'உச்ச நேரத்துக்கு வெளியே' என்று தோன்றியிருக்கிறது. ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புகிறவரை அளவுகோலாக வைத்து அட்டவணை போடுகிறோம். மற்ற நேரங்களில் வண்டி குறைவு. அந்த மற்ற நேரத்தில் யார் போகிறார்கள்? குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போய், வழியில் காய்கறி வாங்கித் திரும்புகிறவர்கள். ஸ்பெயினைச் சேர்ந்த நகரத் திட்டமிடல் அறிஞர் இனெஸ் சான்செஸ் தெ மதாரியாகா இவற்றைப் பராமரிப்புக்கான பயணங்கள் என்று தனியாக வகைப்படுத்தினார். துண்டு துண்டாகப் பதிவாகும்வரை இவை பயணக் கணக்கில் சிறியவையாகத்தான் தெரியும் என்பது அவர் வாதம்.

ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வண்டிகள் குறைவு, பராமரிப்பு வேலையும் பெரும்பாலும் அன்றுதான். விடுமுறை நாட்களில் ஞாயிறு அட்டவணைப்படி ரயில் ஓடும் என்று அறிவிப்பார்கள். மாம்பலம் நிலையத்துக்கு வெளியே ரங்கநாதன் தெருவுக்கு ஞாயிறுதான் முக்கிய வியாபார நாள். அங்கே கடைகளில் நிற்கும் பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. நாளெல்லாம் நின்றவர்களின் கால்வலி சட்டமன்றம்வரை போய்ச் சேர்ந்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதே பெண்கள் இரவு கடையை மூடிவிட்டு ஞாயிறு அட்டவணைக்காக நடைமேடையில் நிற்கும் நேரம் இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லை. 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் பெண்களின் கையில் பணம் மிச்சப்படுத்திய பெரிய காரியம். ஆனால் டிக்கெட் வாங்காத பயணத்திலும் நேரம் செலவாகிறது. பெண்ணின் பணத்தை மதிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம், அவள் நேரத்தை மதிக்க இன்னும் கற்கவில்லை.

எடுத்தவர் கணக்குச் சொல்வது என்றால் என்ன? அது கடினமான காரியம் ஒன்றுமல்ல. ஒரு தடத்தை மூடும் முன், அதில் எந்த நேரத்தில் யார் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள் என்று போகிறவர்களிடமே கேட்பது. மூடிய நிலையத்திலிருந்து இணைப்புப் பேருந்தை முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டிவரை விடுவது. ரத்தாகும் வண்டிகளை வீட்டிலிருந்து கிளம்பும் முன் தெரியும்படி அறிவிப்பது. சொன்ன தேதி தவறினால் ஏன் தவறியது என்று நிலையத்தின் சுவரில் எழுதி ஒட்டுவது. அந்தத் தாள் பெண்களுக்கு எவ்வளவு பயன்படும் என்று அதிகாரிகளுக்குத் தெரியாது. படம் எடுத்து வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் அனுப்பலாம், கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. தாமதமாக வந்த மகளிடம், மருமகளிடம், மாணவியிடம், வேலைக்கு வருகிற அக்காவிடம், "ஏன் லேட்டு?" என்று கேட்கத் தோன்றும்போது, "வண்டி வந்துச்சா?" என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் கேள்வி அவளைக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறு யாரோ என்பது கேட்கிறவருக்கும் கேட்கப்படுகிறவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்த பெண்கள் நிறையப் பேர் ஒரே நடைமேடையில் நின்றால், அவர்கள் அடுத்து நிலைய மேலாளரின் அறைக்குத்தான் போவார்கள்.